நைல் நதிக் கரையில் நம்மவர்

வாலிநோக்கம் கடற்கரையில் நிற்பவரின் கண்ணில் முதலில் படுவது உப்பு. அரசு உப்பு நிறுவனத்தின் பாத்திகள் வெயிலில் வெளுத்துப் பரந்து கிடக்கின்றன. அவற்றிற்கு அப்பால் மன்னார் வளைகுடா. நீரில் மிதப்பனபோல் தோன்றும் சிறு தீவுகள். ஆயுள் முடிந்த பெருங்கப்பல்களைக் கரையேற்றி உடைத்த தளமும் ஒரு காலத்தில் இங்கே இருந்தது. மேற்கே மூக்கையூரில் புனித யாகப்பர் ஆலயம்; கிழக்கே ஏர்வாடியும் கீழக்கரையும். இன்னும் கிழக்கே சென்றால் வைகையின் முகத்துவாரத்தில் அழகன்குளம். இக்கரையில் பிறந்து வளர்ந்த நமக்குக் கடல் புதிதன்று. ஆயினும் அக்கடலைக் கடந்து சென்றவர்கள் மறுகரையில் என்ன செய்தார்கள் என்று நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

பள்ளியில் நாம் படித்த வரலாறு அப்படி. யவனர் கப்பலில் வந்தனர். பொன்னைத் தந்து மிளகும் முத்தும் பெற்றுச் சென்றனர் என்று படித்தோம். அந்தச் சித்திரத்தில் பயணம் செய்பவன் யவனன். கரையில் தராசு பிடித்துக் காத்திருப்பவன் தமிழன். வந்து பார்த்தவன் அவன், பார்க்கப்பட்டவர் நாம். தேர்வுக்கு அந்த விடை போதுமானதாக இருந்தது. அது பாதி உண்மை என்பதை எகிப்து நாட்டுக் கல்லறைச் சுவர்கள் இப்போது நமக்குச் சொல்கின்றன.

சுவரில் ஒரு பெயர்

2026ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ்க் கல்வெட்டியல் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று நடந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு லொசான் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இங்கோ ஸ்ட்ரௌக், பாரிஸ் நகரத் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியைச் சார்ந்த ஷார்லட் ஷ்மித் என்னும் இரு அறிஞர்கள் அதில் ஒரு செய்தியை வெளியிட்டனர். நைல் நதியின் மேற்குக் கரையில், பழைய தீபை நகரை ஒட்டிய 'அரசர்களின் பள்ளத்தாக்கில்', ஆறு கல்லறைகளின் சுவர்களில் ஏறத்தாழ முப்பது இந்திய எழுத்துப் பொறிப்புகளை அவர்கள் கண்டறிந்திருந்தனர். சில பிராகிருதம், சில சமஸ்கிருதம்; தமிழி எழுத்தில் அமைந்த தமிழ்ப் பொறிப்புகளும் அவற்றுள் உண்டு. காலம் கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை.

அவற்றுள் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: சிகை கொற்றன். ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் இம்மனிதன் தன் பெயரைப் பொறித்திருக்கிறான். வந்து கண்டான் என்னும் பொருள்பட அவன் எழுதிய சொற்களும் அங்கே இருக்கின்றன. கொற்றன் என்பது நமக்கு அயலான பெயரன்று. புறநானூற்றில் பாடப்பெற்ற பிட்டங்கொற்றனை இலக்கியம் பயின்றோர் அறிவர்.

இதற்கு முன்பும் எகிப்தில் தமிழ்ப் பெயர்கள் கிடைத்ததுண்டு. செங்கடற் கரையில் குசேர் அல்-கதீம் என்னுமிடத்தில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் இருந்தன. மற்றோர் ஓட்டில் 'பானை ஒறி' என்னும் சொல் இருந்தது. அதற்குத் தெற்கே பெரனிகே துறைமுகத்தில் 1995இல் கிடைத்த ஓட்டிலும் கொற்றன் என்னும் பெயர்க்கூறு உண்டு. அதே துறைமுகத்தில், ஒரு கோவில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியக் கலம் ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகும் கிடைத்தது. ஆனால் அவையெல்லாம் துறைமுகச் சான்றுகள். பானையில் உடைமையாளன் பெயர் இருப்பது வணிகத்தின் தேவை. மிளகு இருப்பது வணிகத்தின் சரக்கு. கல்லறைச் சுவரில் பெயர் எழுதுவதற்கு வணிகத்தில் என்ன தேவை? இந்த வினாவே நம்மை நைல் நதிக்கு அழைத்துச் செல்கிறது.

வழியை விட்டு விலகிய பயணம்

கொற்றன் காலத்து வழியை நாம் ஓரளவு அறிவோம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் தமிழகத் துறைகளிலிருந்து மேற்கே செல்லும் கலங்கள், அரபிக் கடலைக் கடந்து செங்கடலுக்குள் நுழையும். எகிப்திலிருந்து இந்தியாவுக்கு வரும் கலங்களோ, தென்மேற்குப் பருவக்காற்றை, அதாவது நம் மீனவர் கச்சான் என்று சொல்லும் காற்றின் காலத்தை எதிர்பார்த்து ஜூலை மாதத்தில் புறப்படும். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரையக் கடல் வழிகாட்டி' இதைத் தெளிவாகக் கூறுகிறது. கொற்கையின் முத்துக்குளிப்பும் அந்நூலில் பேசப்படுகிறது. ஆகவே குளிர்காலத்தில் புறப்பட்டு எகிப்தைச் சேர்ந்த தமிழனுக்கு, திரும்பும் காற்று வரும்வரை சில மாதங்கள் கையில் இருந்தன.

துறைமுகத்திலிருந்து நைல் நதிக்கு இடையே பாலைவனம். குசேரிலிருந்து ஒட்டகத்தில் ஆறேழு நாள். பெரனிகேயிலிருந்து பன்னிரண்டு நாள். வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே பெரிதும் நடப்பார்கள். இரு வழிகளும் சென்று முடியுமிடம் கொப்டோஸ் என்னும் நதிக்கரை நகரம். இவ்வழிகளில் செல்வோருக்கு விதித்த கட்டணங்களைக் கூறும் கி.பி. 90ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே கிடைத்துள்ளது. கைவினைஞனுக்கு எட்டுத் திராக்மா, மாலுமிக்கு ஐந்து என்று அது வரிசைப்படுத்துகிறது. முசிறி வணிகத்தோடு தொடர்புடைய ஒப்பந்தம் ஒன்று வியன்னா நகரில் பாதுகாக்கப்பட்டு, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. சரக்கு ஒட்டகத்தில் கொப்டோசுக்கு வர வேண்டும். அங்கிருந்து ஆற்றின் வழியே வடக்கே அலெக்சாந்திரியாவுக்குச் செல்ல வேண்டும் என்பது அதில் உள்ள ஏற்பாடு.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். வணிகத்தின் வழி வடக்கே. தீபையோ கொப்டோசுக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சரக்கு போகும் திசைக்கு நேர் எதிர்த் திசை அது. விற்பதற்கும் வாங்குவதற்கும் வந்தவன் போக வேண்டிய இடமன்று. நைல் ஆற்றில் நீரோட்டம் வடக்கு நோக்கிச் செல்லும். காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசும். பாய் விரித்தால் ஓடத்தை எதிரோட்டத்தில் தெற்கே செலுத்தலாம். பண்டைய எகிப்தியர் தம் சித்திர எழுத்தில் தெற்கே செல்வதைக் குறிக்கப் பாய் விரித்த படகையும், வடக்கே செல்வதைக் குறிக்கப் பாய் இறக்கிய படகையும் வரைந்தனர். கொற்றனும் அப்படித்தான் பாய் விரித்துத் தெற்கே சென்றிருக்க வேண்டும். காரணம் ஒன்றே: பார்க்க வேண்டும் என்னும் ஆவல்.

அவன் பார்த்த ஒரு நாள்

தீபையைப் பார்க்க வருவோருக்கு அக்காலத்திலேயே வழிகாட்டிகள் இருந்தனர். உரோமை இளவரசன் ஜெர்மானிக்குஸ் கி.பி. 19இல் இங்கு வந்தபோது, முதிய குருக்களுள் ஒருவர் சுவரெழுத்துகளை அவனுக்குப் படித்துப் பொருள் சொன்னார் என்று தாசித்துஸ் எழுதியிருக்கிறார். பேரரசன் ஹாத்ரியான் கி.பி. 130இல் மனைவியோடு வந்தான். இன்று லக்சர் நகரிலிருந்து ஒருநாள் சுற்றுலா செல்வோர் பார்க்கும் இடங்களையே அன்றும் பார்த்தார்கள். வெயில் ஏறுமுன் மேற்குக் கரை. பின்னர் கிழக்குக் கரை. கதிரவன் மறையும் மேற்கு இறந்தோரின் கரை. உதிக்கும் கிழக்கு வாழ்வோரின் கரை என்பது எகிப்தியர் கொள்கை.

ஆற்றைக் கடந்ததும் வயல்வெளியில் அமர்ந்திருக்கும் இரு பெருஞ்சிலைகள் எதிர்ப்படும். மூன்றாம் அமென்ஹோத்தெப் என்னும் மன்னனுடையவை. உயரம் ஏறத்தாழ 18 மீட்டர். கிரேக்கர் அவற்றை மெம்னோன் என்றழைத்தனர். நிலநடுக்கத்தில் பிளந்த ஒரு சிலை விடியற்காலையில் ஒலி எழுப்பும் என்பதால் கூட்டம் கூடியது. ஆண்டுதோறும் 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் செல்கின்றன என்று எழுதிவைத்த புவியியலறிஞர் ஸ்திராபோவும் அங்கு நின்று அவ்வொலியைக் கேட்டார். ஆனால் கல்லே ஒலித்ததா, பக்கத்தில் நின்றவர் எவரும் செய்த வேலையா என்று ஐயுற்றார். வழிகாட்டி சொல்வதையெல்லாம் நம்பாத பயணிகள் அன்றும் இருந்தனர்!

அதன்பின் வறண்ட மலைகளுக்கிடையே அரசர்களின் பள்ளத்தாக்கு. மலையைக் குடைந்து நீண்டு செல்லும் அக்கல்லறைகளைக் கிரேக்கர் 'குழல்கள்' என்று பெயரிட்டு வழங்கினர். உள்ளே விளக்கின்றி எதுவும் தெரியாது. சுடரொளியில் சுவரெங்கும் வண்ணங்கள் விரியும். ஆறாம் ராம்சேஸ் கல்லறையின் கூரையில், வானத்தாயின் நீண்ட உடல் மாலையில் கதிரவனை விழுங்கி விடியலில் மீண்டும் ஈன்றெடுக்கும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. அந்த ஒரு கல்லறையில் மட்டும் கிரேக்க, இலத்தீன் பயணிகள் விட்டுச்சென்ற பொறிப்புகள் ஏறத்தாழ ஆயிரம். பிரெஞ்சு அறிஞர் பாயே, பள்ளத்தாக்கு முழுவதிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்து 1926இல் நிறைவு செய்தார்.

கொற்றன் நுழைந்தபோதே அக்கல்லறைகள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தவை. தஞ்சைப் பெரிய கோவில் நமக்கு எவ்வளவு பழமையோ, அதைவிடவும் பழமை அவை அவனுக்கு. அரசர் மொழி அவனுக்குத் தெரியாது. அவர் தெய்வங்கள் அவனுடைய தெய்வங்களல்ல. ஆயினும் ஒரு கல்லறையோடு திரும்பிவிடாமல் ஐந்து கல்லறைகளுக்குள் சென்றான். கிரேக்கர் எழுதியிருப்பதைக் கண்டு, தானும் தன் தாய்மொழியில், தன் எழுத்தில் எழுதினான். வந்ததையும் கண்டதையும் மட்டும் சொன்னான். உரோமைத் தளபதி யூலியஸ் சீசர், வந்ததையும் கண்டதையும் சொன்ன கையோடு வென்றதையும் சேர்த்து மூன்று சொற்களில் செய்தி அனுப்பினான் என்பர். நம்மவன் இரண்டோடு நிறுத்திக்கொண்டான். மூன்றாவது சொல் அவனுக்குத் தேவைப்படவில்லை.

இன்று எவரேனும் பழஞ்சின்னங்களில் பெயர் கீறினால் அது குற்றம். 2013இல் வெளிநாட்டுச் சிறுவன் ஒருவன் லக்சர் கோவில் சிற்பத்தில் பெயர் கீறியதை உலகமே கண்டித்தது. சித்தன்னவாசலில் அவ்வாறு கீறியோரை நாமும் கண்டிக்கிறோம். கொற்றனைப் போற்றுவது அவன் கீறியதற்காக அன்று. தனக்கு உரியதல்லாத ஒன்றைப் பார்க்க வழி விலகிச் சென்றதற்காகவே.

பின்னால் வந்தவர்கள்

கொற்றன் சென்ற கடல்வழி நம் விசுவாச வரலாற்றுக்கும் உரியது. திருத்தூதர் தோமா கி.பி. 52இல் முசிறிக்கு வந்தார் என்னும் மரபு இந்த வணிகக் கப்பல்களின் பின்னணியிலேயே பொருள் பெறுகிறது. அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ ஆசிரியர் பந்தேனுஸ் இந்தியாவுக்குச் சென்றார் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யுசேபியுஸ் எழுதுகிறார். எகிப்து நமக்குத் திருக்குடும்பத்தின் அடைக்கல நாடுமாகும். ஆகவே அந்நாட்டுக் கோவில்களுக்கு நம் சகோதரர்கள் செய்ததையும் நாம் மறைக்காமல் பார்க்க வேண்டும்.

கி.பி. 300 அளவில் லக்சர் கோவில் உரோமைப் படைமுகாமாக இருந்தது. பழைய சிற்பங்களின் மீது சாந்து பூசி, தியோக்கிளேசியன் உள்ளிட்ட பேரரசர்களின் உருவங்களை ஓர் அறையில் வரைந்தனர். 303இல் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்த ஆணையிட்டவனும் இவனே. எகிப்தியத் திருச்சபை இன்றும் தன் ஆண்டுக் கணக்கை அவன் அரியணை ஏறிய 284ஆம் ஆண்டிலிருந்து, மறைசாட்சியரின் ஆண்டு என்று எண்ணுகிறது. அந்தக் கலக்கக் காலத்தில், கட்டாயப் படைச்சேவைக்குப் பிடிக்கப்பட்ட இளைஞன் ஒருவன் தீபையில் காவலில் இருந்தான். முன்பின் அறியாத அந்த இளைஞர்களுக்கு ஊர்க் கிறிஸ்தவர்கள் உணவு கொண்டுவந்து கொடுத்தனர். அவ்வன்பைக் கண்டு மனம் மாறிய அவனே, பின்னர் நைல் கரையில் குழுமத் துறவு வாழ்வை நிறுவிய புனித பக்கோமியுஸ்.

துறவியர் பெருகினர். ஹட்செப்சுத் அரசியின் கோவில்மீது ஒரு மடம் எழுந்தது. இன்றும் அவ்விடத்தின் பெயரான தெய்ர் எல்-பஹ்ரி என்பதற்கு 'வடக்கு மடம்' என்றே பொருள். நான்காம் ராம்சேசின் கல்லறை துறவியரின் உறைவிடமாயிற்று. மெதினெத் ஹாபு கோவிலின் இரண்டாம் முற்றம் ஆலயமாயிற்று. கர்னாக்கில் மூன்றாம் துத்மோசின் விழா மண்டபத் தூண்களில் புனிதர்களின் உருவங்கள் தீட்டப்பட்டன. பல இடங்களில் பழைய தெய்வங்களின் முகங்கள் உளியால் சிதைக்கப்பட்டன. சில இடங்களில் பூசிய சாந்தே பழைய வண்ணங்களைக் காத்தும் தந்தது. சிதைத்தவர் கெட்டவர் அல்லர். எதிரிலிருந்ததை அவர்கள் பார்க்கவில்லை, பகைத்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அகழாய்வாளர்கள் வந்தனர். அவர்கள் கண்ணுக்குப் பாரவோன் மட்டுமே தெரிந்தான். தெய்ர் எல்-பஹ்ரியின் கிறிஸ்தவ மடச் சுவர்களும் மெதினெத் ஹாபுவின் ஆலயமும், பாரவோனை மறைக்கும் குப்பையாகக் கருதப்பட்டு, போதிய பதிவுகூட இன்றி அகற்றப்பட்டன. முன்னவர் பக்தியின் பெயரால் அழித்தனர். பின்னவர் அறிவின் பெயரால் அழித்தனர். இரு சாராரும் வந்தவர்களே. கண்டவர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. கொற்றனின் எழுத்துகளோ அச்சுவரிலேயே இருந்தன. நூறு ஆண்டுகளாக அறிஞர் பலர் அவற்றைக் கடந்து சென்றனர். தமிழி அறிந்த கண் வரும்வரை அவை காத்திருந்தன.

நம் கரையில்

மீண்டும் நம் கரைக்கு வருவோம். அழகன்குளத்தில் 1986 முதல் தமிழக அரசின் தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு செய்தது. உரோமைக் காசுகளும், மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிச் சில்லுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும், தமிழி எழுத்துகளும் கிடைத்தன. நம் பங்குகளிலிருந்து எருசலேமுக்கும் எகிப்துக்கும் திருப்பயணம் செல்லும் குடும்பங்கள் இன்று பல. அவர்களில் எத்தனை பேர், கூப்பிடு தூரத்தில் இருக்கும் அழகன்குளத்து மேட்டில் ஒருமுறை நின்றிருப்போம்?

இதைவிட நெருங்கிய கேள்வியும் ஒன்று உண்டு. நம் கடற்கரை ஊர்களில் பழைய ஆலயங்கள் இடிக்கப்பட்டுப் புதியவை எழுகின்றன. மக்கள் பெருகும்போது இடம் வேண்டும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இடிபாட்டோடு பழைய கல்லறைக் கற்களும், நன்கொடை தந்தோரின் பெயர் பொறித்த பலகைகளும், பழந்தமிழ் எண்களில் ஆண்டு குறித்த நிலைக்கற்களும் எங்கே போகின்றன? ஒன்று படிக்கட்டாகிறது, மற்றொன்று அடித்தளத்தில் மண்மூடிப் போகிறது. அவற்றில் இருந்தவை மன்னர் பெயர்களல்ல. வலை இழுத்தவர், சங்கு குளித்தவர், தோணி தச்சு செய்தவர் பெயர்கள். ஒரு கொற்றன் எழுதியதைப் பத்தொன்பது நூற்றாண்டுகள் கழித்து எகிப்தியச் சுவர் நமக்குத் திருப்பித் தந்தது. நம் சுவர்கள் நம் பேரப்பிள்ளைகளுக்கு எதைத் திருப்பித் தரப்போகின்றன?

பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை. இடிக்குமுன் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். பங்கின் இளைஞர்கள் ஏடும் எழுதுகோலுமாகக் கல்லறைத் தோட்டத்தில் நடந்து, தேய்ந்த எழுத்துகளைப் படித்துப் படியெடுக்கட்டும், படம் பிடிக்கட்டும். படிக்க இயலாதவற்றைப் பெரியவர்களிடம் கேட்கட்டும். அவ்வேட்டைப் பங்கின் திருமுழுக்குப் பதிவேடுகளோடு வைத்துக் காக்கலாம். கல்லைச் சுற்றுச்சுவரில் பதித்துவிட்டால் அடுத்த தலைமுறையும் அதைப் படிக்கும். அண்டை ஊரின் பழைய கோவிலையும் பள்ளிவாசலையும் ஒருமுறை மரியாதையோடு சென்று பார்ப்பதும் இவ்வகையில் சேரும். கொற்றன் பார்த்ததும் தன் சமயத்துக் கோவிலையன்று.

வாலிநோக்கத்தில் பொழுது சாய்கிறது. உப்புப் பாத்திகளில் வேலை முடிந்து மக்கள் வீடு திரும்புகிறார்கள். வாடைக்காற்றில் மேற்கே சென்றவர்களில் எல்லாரும் திரும்பியிருக்கமாட்டார்கள். திரும்பியவன் தன் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர்களைப் பற்றிச் சொல்லியிருப்பான். திரும்பாதவனுக்காகவும் ஒரு சுவர் சாட்சி சொல்கிறது: இன்னான் இங்கே வந்தான், கண்டான். நம்மைப் பற்றியும் அவ்வளவு சொல்லப்பட்டால் போதுமென்று தோன்றுகிறது.